மேக்னம் என்றால் நேரே போய்விடுமா?

அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா மலைச்சரிவுகளுக்கு எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்களின் பேச்சில் இரண்டு தோட்டாக்களின் பெயர் அடிபடாமல் இருக்காது. 1962-இல் வந்த 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் ஒன்று, அடுத்த ஆண்டு வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் மற்றொன்று. அறுபது வருடங்களில் இவற்றைச் சுற்றிக் கதைகளும் நிறையவே சேர்ந்துவிட்டன.

நம்பிக்கை: மேக்னம் குண்டு முந்நூறு கஜம் வரை விழாமல் நேராகப் போகும்.

குழல் வாயை விட்ட கணத்திலேயே எந்தக் குண்டும் விழத் தொடங்கிவிடும். குழலைப் பார்வைக் கோட்டுக்குச் சற்றே மேல்நோக்கிப் பிடிப்பதால் அது எழுவதுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த 7 எம்எம் மேக்னத்தின் 162 கிரெயின் எடையுள்ள குண்டு வினாடிக்கு 2,940 அடி வேகத்தில் கிளம்புகிறது. 500 கஜத்தில் அது ஏறத்தாழ மூன்றடி இறங்கியிருக்கும். 2,700 அடி வேகமே உள்ள, மேக்னம் அல்லாத 6.5 கிரீட்மோர் தோட்டாவின் 143 கிரெயின் குண்டு மூன்றரை அடி இறங்கும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வெடிமருந்தை எரித்ததற்குக் கிடைத்த லாபம் அரையடி, அல்லது அதற்குச் சற்று மேல்.

1962-இல் அந்த அரையடி பெரிய விஷயம்தான். அப்போது தூரத்தைக் கண்ணால்தான் மதிப்பிட்டார்கள். 400 கஜத்தை 350 என்று நினைத்தவரைத் தட்டையான பாதைதான் ஓரளவு காப்பாற்றியது. இன்று சட்டைப்பையிலேயே லேசர் தூரமானி இருக்கிறது. தூரம் தெரிந்துவிட்டால் இறக்கம் வெறும் கணக்கு. தொலைநோக்கியின் குமிழைத் திருகினால் முடிந்தது. காற்றை அப்படி அளக்க முடியாது. துப்பாக்கிக்காரன் நிற்கும் இடத்தில் வீசுவது ஒன்று, பள்ளத்தாக்கின் நடுவில் வீசுவது வேறொன்று.

நம்பிக்கை: வேகமான குண்டைக் காற்று தள்ளாது.

எனக்குத் தெரிந்து அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். குறுக்குக் காற்று எவ்வளவு தள்ளும் என்பதைப் பறக்கும் மொத்த நேரம் முடிவு செய்வதில்லை. காற்றின் தடையே இல்லாவிட்டால் ஆகியிருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமானது என்பதுதான் கணக்கு. .300 வின்செஸ்டரின் 178 கிரெயின் குண்டு 2,960 அடி வேகத்தில் கிளம்புகிறது. தடையே இல்லாவிட்டால் 500 கஜத்தை 0.51 வினாடியில் கடந்துவிடும். உண்மையில் 0.60 ஆகிறது. கிரீட்மோர் குண்டுக்கு 0.64 வினாடி ஆனாலும் தாமதம் அதே 0.09-க்குள் அடங்கிவிடுகிறது. மணிக்கு 10 மைல் வேகக் குறுக்குக் காற்றில் இரண்டுமே ஏறத்தாழ ஒன்றேகால் அடி விலகும்.

மெதுவான குண்டு ஈடுகொடுப்பதற்குக் காரணம் அதன் உருவம். விட்டத்துக்கு நீளம் அதிகம், மூக்கு கூர்மை, வால் ஒடுக்கம். கிளம்பிய வேகத்தை அது சீக்கிரம் இழப்பதில்லை. அதற்காக மேக்னமே வீண் என்று சொல்லிவிட முடியாது. மேலே சொன்ன 7 எம்எம் குண்டில் ஒல்லியான உருவமும் வேகமும் சேர்ந்திருப்பதால், காற்றில் இந்த இரண்டையும் அது வென்றுவிடும். .300 வின்செஸ்டருக்குத்தான் பிறவிக் குறை. குண்டைப் பிடித்திருக்கும் அதன் கழுத்து குண்டின் விட்டத்தைவிடக் குட்டை. நீளமான குண்டைப் பொருத்தினால் அது மருந்துக்கான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

நம்பிக்கை: தோட்டாவின் அடியில் உள்ள பட்டைதான் அதன் பலம்.

இல்லை. 1912-இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டுவந்த .375 தோட்டாவின் தோள், அதாவது கழுத்தை நோக்கி ஒடுங்கும் பகுதி, மிகவும் சரிவானது. அறைக்குள் அதைச் சரியான ஆழத்தில் நிறுத்தப் பட்டை தேவைப்பட்டது. பின்னால் வந்தவை வழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. புதிய .300 பிஆர்சி தோட்டா பட்டையில்லாமலேயே .300 வின்செஸ்டர் அளவு அழுத்தத்தைத் தாங்குகிறது.

நம்பிக்கை: மேக்னத்தால் அடித்தால் எவ்வளவு தூரத்திலும் மான் அங்கேயே சாயும்.

வேட்டைக் குண்டுகள் பலவும் உடலுக்குள் சரியாக விரிய வினாடிக்குச் சுமார் 1,800 அடி வேகமாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடலாம். மேலே சொன்ன .300 குண்டு அந்த வேகத்தைக் கிரீட்மோரைவிடச் சில பத்து கஜம் கூடுதலாகத் தக்கவைக்கும். எடையும் விட்டமும் கூட என்பதால் எல்க் போன்ற பெரிய மானுக்கு அது அனுகூலம்தான். அதற்கான விலையைச் சுடுகிறவரின் தோள் கொடுக்கிறது. ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300-இன் உதை கிரீட்மோரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு ஒன்றேகால் அடி காற்று விலகலெல்லாம் இரண்டாம்பட்சம். குண்டு குழலை விட்டு வரும் முன்பே அவர் குறி தவறியிருக்கும்.