ஆங்கில இலக்கணம் மீட்டல்: பிரதிப்பெயரும் வினைச்சொல்லும்

மாணவர்களே! "பாடசாலைக்குப் போகிறேன்" என்று தமிழில் எழுதினால், போவது யார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடும். ஆங்கில வினையில் அத்தகைய விகுதிகள் இல்லை. "கோ" என்ற வினை ஐ, யூ, வீ, தே ஆகியவற்றுடன் மாறாமலே வரும். ஆகவே, கட்டளை வாக்கியம் தவிர்ந்த இடங்களில் எழுவாயை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. சாதாரண நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் ஆகிய மூன்றுடன் வரும் வினை, இறுதியில் "எஸ்" அல்லது "ஈஎஸ்" பெறும்.
உ-ம்: ஐ ப்ளே - ஷீ ப்ளேஸ், தே கோ - ஹீ கோஸ்.

2. எதிர்மறையிலும் வினாவிலும் இம்மூன்றுக்கும் "டூ" என்பது "டஸ்" ஆகும். மாற்றத்தை "டஸ்" ஏற்றுக்கொள்வதால் பிரதான வினை மாறாது.
சரி: ஷீ டஸ் நாட் கோ.
பிழை: ஷீ டஸ் நாட் கோஸ்.

3. தமிழில் அம்மாவையும் அதிபரையும் மரியாதையாக "அவர்" என்கிறோம். ஆங்கிலத்தில் ஆணுக்கு ஹீ, பெண்ணுக்கு ஷீ. மரியாதைக்காக "தே" எழுதினால் பலர் என்றே பொருள்படும்.

பயிற்சி: பிரதிப்பெயர் கொண்டு எழுதுக.
(அ) அம்மா தினமும் சந்தைக்குப் போகிறார்.
(ஆ) அம்மா சந்தைக்குப் போவதில்லை.

விடை:
(அ) ஷீ கோஸ் டு த மார்க்கெட் எவ்ரி டே.
(ஆ) ஷீ டஸ் நாட் கோ டு த மார்க்கெட்.

பரீட்சையில் கட்டுரை எழுதி முடித்ததும், ஒவ்வொரு வினையிடமும் "உன் எழுவாய் யார்?" என்று கேளுங்கள். தெரிந்திருந்தும் இழக்கும் புள்ளிகள் அப்போது உங்கள் கைக்கு வரும்.