பேக்கப் டிரைவைக் காணோமா? பதற வேண்டாம்!

கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே 'பேக்கப் டிரைவ் கிடைக்கவில்லை' என்று செய்தி வருகிறதா? பல நேரம் டிரைவ் கெட்டிருக்காது. அது தயாராகும் முன் பேக்கப் சாஃப்ட்வேர் தேடியிருக்கும், அல்லது பழைய இடத்தில் தேடியிருக்கும். விண்டோஸ் பயன்படுத்துவோருக்குச் சில குறிப்புகள்:

1. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பேக்கப்பை நீங்களே ஒருமுறை ஓடவிடுங்கள். ஓடிவிட்டால் டிரைவில் குறையில்லை. நேரக் கணக்குதான் இடிக்கிறது.

2. அப்படியானால், 'சர்வீசஸ்' பட்டியலில் பேக்கப் சாஃப்ட்வேரை இரட்டை கிளிக் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை 'ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)' என்று மாற்றுங்கள். சுமார் 2 நிமிடம் பொறுத்துத் தொடங்கும். டாஸ்க் ஷெட்யூலர் வழியாக ஓடுகிறது என்றால், ட்ரிக்கரில் 'டிலே டாஸ்க் ஃபார்' என்பதை டிக் செய்யுங்கள்.

3. டிரைவ் எழுத்தைக் கவனியுங்கள். பென் டிரைவ் ஒன்று முன்பே செருகியிருந்தால், நேற்று 'இ' என்றிருந்த பேக்கப் டிரைவ் இன்று 'எஃப்' ஆகியிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அதை வலது கிளிக் செய்து, 'ஆர்', 'எஸ்' போன்ற பின்வரிசை எழுத்தைக் கொடுங்கள். பேக்கப் செட்டிங்ஸிலும் அதையே மாற்றுங்கள்.

4. டிரைவே தெரியவில்லையா? ஹப்பை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். கேபிளையும் மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 தருவது 900. சில ஹார்டு டிஸ்க்குகளுக்கு முன்னது போதாது. அப்போதும் தெரியாமல் டிரைவிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால், திரும்பத் திரும்ப ஆன் செய்யாமல் கழற்றிவிட்டு ரிப்பேர் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

5. ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் தெரியாத டிரைவ், ரீஸ்டார்ட் செய்தால் தெரிகிறதா? பவர் ஆப்ஷன்ஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

6. பிட்லாக்கர் போட்ட டிரைவ், பூட்டைத் திறக்கும்வரை பேக்கப்புக்குக் கிடைக்காது. 'ஆட்டோ அன்லாக்' வசதியை ஆன் செய்யுங்கள்.

7. நெட்வொர்க் டிரைவ் என்றால், கரன்ட் போய் வந்ததும் ரூட்டரும் ஸ்டோரேஜ் பெட்டியும் தயாராகச் சில நிமிடம் பிடிக்கும். அதன்பின் கம்ப்யூட்டரைப் போடுங்கள்.

8. 'டிரைவை ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டால் கேன்சல்தான். அவசரத்தில் 'ஓகே' கொடுத்தால் பழைய பேக்கப் அத்தனையும் போய்விடும்.

9. எல்லாம் சரியானபின், கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள். ஒரு போட்டோவை அதிலிருந்து மீட்டுத் திறந்தும் பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்!