ஏஜென்ட்டுக்கு ‘மா’ கணக்கு மறக்காமலிருக்க

தஞ்சாவூரில் உட்கார்ந்து நெல் கொள்முதலுக்கு மென்பொருள் எழுதுகிறீர்களா? ஒரு வேலி 20 மா, ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட் என்று நேற்றுச் சொல்லிக்கொடுத்ததை ஏஐ கோடிங் ஏஜென்ட் இன்று காலை மறந்திருக்கும். குழுவின் பொதுக் குறிப்புகளைத் தேடித்தரும் கமாண்ட் லைன் கருவியோடு அதை இணைத்துவிடுங்கள்.

1. முதலில் கருவியை நீங்களே டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். உங்களுக்கு ஓடாதது ஏஜென்ட்டுக்கும் ஓடாது.

2. கிளாட் கோட் என்றால் கிளாட்.எம்டி, கோடெக்ஸ் என்றால் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பைத் திறந்து, ‘நில அளவு, பருவம், கொள்முதல் விதி வந்தால் இந்தக் கட்டளையால் தேடு’ என்று எழுதுங்கள். சொன்னால்தான் கருவி இருப்பதே அதற்குத் தெரியும். இரண்டு வரி போதும், ராமாயணம் வேண்டாம். ஒவ்வொரு உரையாடலிலும் ஏஜென்ட் முழுக் கோப்பையும் படிக்கிறது.

3. தேட மட்டும் தாராளமாக அனுமதியுங்கள். குறிப்பு எழுதுமுன் உங்களைக் கேட்கட்டும். அது தப்பாகக் குறித்தால் குழு முழுக்க அதே தப்பு.

4. குறிப்புக்குத் தேதி போடுங்கள். நெல் ஈரப்பத வரம்பு 17 சதவீதம்தான். மழைக்காலத்தில் மத்திய அரசு தளர்த்துவதுண்டு. தேதி இல்லாவிட்டால் சென்ற ஆண்டுத் தளர்வையே இந்த ஆண்டும் கட்டிக்கொண்டு அழும்.

5. விவசாயிகளின் ஆதார், வங்கிக் கணக்கு எண்களைக் குறிப்பில் வைக்காதீர்கள். ஏஜென்ட் தேடி எடுப்பது பெரும்பாலும் மாடல் ஓடும் வெளி சர்வருக்குப் போகிறது.

6. புது உரையாடல் திறந்து, ‘3 வேலி எத்தனை மா?’ என்று கேளுங்கள். 60 என்றதும் மகிழ்ந்துவிடாமல், கருவியை ஓட்டியதா என்று பாருங்கள். குருட்டாம்போக்கில்கூடச் சொல்லியிருக்கலாம்.