கடைப் பையனை ஆளாக்குவது எப்படி?



நம்மவர் நால்வர் கூடுமிடத்தில் இக்காலத்தில் தவறாமல் பேசப்படும் விஷயம் ஒன்றுண்டு. "கடைக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தவன் நிலைப்பதில்லை, நிலைத்தவனுக்கு வேலை தெரிவதில்லை" என்பதே அது. பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பகுதியிலும் கிள்ளானிலும் இக்குறை ஒரே குரலாக ஒலிக்கிறது. இவற்றுள் முதலிரண்டு குறைகளுக்குக் காரணங்கள் பல. அவற்றில் சில நம் கைக்கு எட்டாதவை. மூன்றாவது குறைக்குக் காரணம் நாமேயன்றி வேறு யாருமில்லை. கற்பிக்காமலேயே ஒருவனைத் தெரியாதவன் என்கிறோம். ஒருவனை அருகில் வைத்து, அவனுக்கென்று நேரம் ஒதுக்கி, தனியாகத் தொழில் கற்பித்து உயர்த்துவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

கேரி தீவில் நாம் கண்டது

பிறர் குறையைச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுவதே முறை.

பல ஆண்டுகளுக்கு முன், கிள்ளானிலுள்ள நமது மளிகைக் கடைக்குக் கேரி தீவுத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் வேலைக்கு வந்தான். அவன் தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். "முதலாளி, தோட்டத்து வேலை என்னோடு போகட்டும். இவனுக்குத் தொழில் கற்றுக் கொடுங்கள். பின்னாளில் ஒரு சிறு கடையாவது வைத்துப் பிழைத்துக்கொள்வான்" என்று நம் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். நாமும் தலையசைத்தோம்.

நான்கு ஆண்டுகள் இருந்தான். மூட்டை இறக்கினான், பருப்பு நிறுத்தான், கடை கூட்டினான். ஆனால் எந்தச் சரக்கின் கொள்முதல் விலையும் அவனுக்குத் தெரியாது. கடன் புத்தகத்தை அவன் திறந்ததில்லை. மொத்த வியாபாரி வந்து பேசும்போது, "தம்பி, போய்த் தேநீர் வாங்கி வா" என்று அனுப்பிவிடுவோம். கடைசியில் ஒருநாள் பில் போடச் சொன்னோம், தவறு செய்தான். "இவன் மண்டையில் எதுவும் ஏறாது" என்று வாடிக்கையாளர் முன்னிலையில் சொன்னோம். மறுவாரம் அவன் வரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து வியாபார விஷயமாகத் தெலுக் பங்ளிமா காராங் வழியே லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்து கேரி தீவுக்குப் போயிருந்தோம். வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய அத்தீவில் முன்னர் ரப்பர் நின்ற இடங்களில் இன்று செம்பனையே கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கிறது. அங்கே ஒரு மரத்தடியில் அதே பையன், இப்போது மண்டோராக, இந்தோனேசியாவிலிருந்து புதிதாக வந்த ஒருவனுக்கு வேலை பழக்கிக்கொண்டிருந்தான். நாம் வண்டியை நிறுத்திப் பார்த்தோம்.

முதலில் தரையைக் காட்டினான். பழம் உதிர்ந்து கிடந்தால் மேலே குலை பழுத்திருக்கிறது. உதிராத கறுத்த குலையைத் தொடக்கூடாது என்றான். முற்றாத குலையில் எண்ணெய் குறையும். நாள் கடந்த குலையில் பழம் உதிர்ந்து வீணாகும் என்று காரணமும் சொன்னான். பிறகு நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் தானே ஒரு குலையை மெதுவாக வெட்டிக் காட்டினான். அடுத்தாற்போல் கம்பை அவன் கையில் கொடுத்து, வெட்டுமுன் எதைப் பார்த்தாய், எங்கே நிற்கப்போகிறாய் என்று கேட்டான். புதியவன் காய்க்குலை ஒன்றை வெட்டிவிட்டான். மண்டோர் கடிந்துகொள்ளவில்லை. குலையைப் புரட்டி, உதிர்ந்த தடம் இல்லாததைக் காட்டி, "அடுத்த மரம்" என்றான். அவ்வளவே.

நம்மைக் கண்டதும் ஓடிவந்து, "வாங்க முதலாளி, சாப்பிட்டுத்தான் போகணும்" என்றான். இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டோம். "எனக்கு முந்தி இருந்த மண்டோர் பதினைந்து நாள் என் பக்கத்திலேயே நின்றார்" என்றான். உன் தம்பியைக் கடைக்கு அனுப்புவாயா என்று நாம் கேட்டபோது அவன் சிரித்துக்கொண்டே, "அவனும் மூட்டை இறக்கவா முதலாளி?" என்றான். நம்மிடம் பதில் இல்லை. மண்டையில் ஏறாது என்று நாம் தள்ளியவன் கற்பிக்கத் தெரிந்தவனாக நின்றான். கற்பிக்கத் தெரியாமல் நின்றவர் நாமே.

அதே தீவில் சுங்கை பும்புன் கிராமத்தில் மா மெரி என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் நீரே பத்து என்ற சதுப்புநில மரத்தில் செதுக்கும் உருவங்களும் முகமூடிகளும் உலகப் புகழ் பெற்றவை. அவ்வித்தையும் முதியவர் ஒருவர் பக்கத்தில் இளையவன் அமர்ந்து, பார்த்தும் செதுக்கியும் திருத்தப்பெற்றுமே கைவந்தது.

முன்னோர் நடந்த வழி

இது நமக்குப் புதிதன்று. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, இன்று போர்ட் கிள்ளான் எனப்படும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கிய நம் முன்னோரில் பலர் ஓர் உறவினர் கடையிலோ ஊர்க்காரர் கடையிலோதான் முதலில் ஒதுங்கினர். கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, முதலாளி பேசுவதைக் கேட்டே தொழிலை அறிந்தனர்.

மலாயாவில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்கள் இதை ஓர் ஒழுங்காகவே வைத்திருந்தனர். சிறுவன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப் பெட்டியருகே இருந்து எடுபிடி செய்து, எழுத்தும் வட்டிக் கணக்கும் பழகுவான். பிறகு அடுத்தாள் ஆவான், அதன்பின் மேலாள். திறமை மிக்கவன் ஏஜெண்டாகி மூன்றாண்டுக் கணக்கில் கடை முழுவதையும் தன் பொறுப்பில் நடத்துவான். ஒவ்வொரு படிக்கும் பெயரிருந்தது; அடுத்த படி எதுவென்று பையனுக்குத் தெரிந்திருந்தது. நம் கடைகளில் இன்று படி ஏது? சேரும் நாளிலும் 'பையன்'; பத்தாண்டு கழிந்தும் 'பையன்'.

அயல்நாட்டார் கண்ட முறை

இவ்விதத் தனிப் பயிற்சியை இன்று 'கோச்சிங்' என்று பெரிய கம்பெனிகள் பணம் செலவிட்டு நடத்துகின்றன. ஹங்கேரி நாட்டில் கோச் என்ற கிராமத்தில் செய்யப்பட்ட குதிரை வண்டியின் பெயரே ஆங்கிலத்தில் 'கோச்' ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைப் பரீட்சையில் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை அவ்வண்டியின் பெயராலேயே வேடிக்கையாக அழைத்தனர். ஒருவனை அவன் போகவேண்டிய இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது என்பதே இதன் உட்பொருள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940இல், அமெரிக்க அரசாங்கம் ஆலைகளுக்குள்ளேயே பயிற்சி தரும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அனுபவமற்ற புதிய ஆட்களை விரைவில் பழக்கவேண்டிய நெருக்கடி அன்று இருந்தது. அப்போது வகுத்த முறை நான்கு படிகளைக் கொண்டது. போருக்குப் பின் ஜப்பானியர் அதை ஏற்றுப் பெரும் பயன் கண்டனர். அப்படிகளாவன:

1. ஆயத்தம்: பயத்தைப் போக்கி, அவனுக்கு முன்பே என்ன தெரியும் என்று கேட்டறிதல்.
2. காட்டுதல்: ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, காரணமும் சொல்லுதல்.
3. செய்வித்தல்: அவனையே செய்யவைத்து, செய்யும்போது விளக்கமும் சொல்லச் செய்தல்.
4. பின்தொடர்தல்: தனியே விட்டபின் அடிக்கடி பார்த்து, வரவரக் குறைத்துக்கொள்ளுதல்.

கேரி தீவு மண்டோர் இந்நான்கையும் எந்தப் புத்தகத்திலும் படித்தவனல்லன். ஆனால் மரத்தடியில் அவன் செய்தது வரிசை தவறாமல் இதுவேயாகும். நாமோ, முதல் மூன்று படிகளையும் விட்டுவிட்டு நான்காவதில் நின்று ஏசுகிறோம்!

நம் கடையில் நடைமுறை

நிற்க. நம் கடைக்கு இதை எவ்வாறு பொருத்துவது?

முதலாவது, நேரம். கடை திறக்குமுன் அரைமணி நேரம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். அந்நேரத்தில் கைபேசி வேண்டாம். ஒரே ஆளுடன் மட்டும் உட்காரவேண்டும். நான்கு பேரை நிற்கவைத்துச் சொல்வது உத்தரவாகும். ஒருவனை உட்காரவைத்துச் சொல்வதே பாடமாகும்.

இரண்டாவது, வரிசை. முதலில் சரக்கின் தரமும் எடையும். பிறகு கொள்முதல் விலை, வண்டிக் கூலி, கழிவு ஆகியவற்றைக் கூட்டி அடக்க விலை காண்பது. பிறகு எச்சரக்கு எவ்வளவு நாளில் விற்றுத் தீரும் என்பது. அதன்பின் கடன் புத்தகம்: யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எப்படி முகம் கோணாமல் கேட்டு வாங்கலாம் என்பது. கடைசியில் மொத்த வியாபாரியிடம் பேரம். ஒரு பாடம் கைவந்த பிறகே அடுத்தது.

மூன்றாவது, மாதம் ஒருமுறை அவனிடம் நான்கு கேள்விகள். எதுவரை உயர விரும்புகிறாய்? இப்போது எங்கே நிற்கிறாய்? அங்கே போக என்னென்ன வழிகள் உண்டு? அவற்றில் எதை, எந்நாளுக்குள் செய்யப் போகிறாய்? ஜான் விட்மோர் என்ற ஆங்கிலேயர் 1992இல் எழுதிய நூலின் மூலம் உலகெங்கும் பரவிய முறை இது. இதில் நாம் பேசுவது குறைவு; அவனைப் பேசவிடுவதே அதிகம். நம் முதலாளிமார்க்கு இதுவே மிகக் கடினம்!

நான்காவது, தவறு கண்டால் தனியே சொல்வது. பிறர் முன்னிலையில் சொன்ன ஒரு சொல் நான்காண்டுப் பழக்கத்தை ஒரே வாரத்தில் அறுத்ததை மேலே எழுதியுள்ளோம்.

பெற்ற மகனுக்குக் கற்பிக்க நம்மில் பலரால் முடிவதில்லை, பொறுமை கெடுகிறது. அத்தகையவர் மகனை நம்பிக்கையான நண்பர் கடையில் ஆறு மாதம் விட்டு, நண்பர் மகனைத் தம் கடையில் ஏற்றுக்கொள்வது நலம்.

தடுக்கும் அச்சம்

"கற்றுக்கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவான்" என்பார்கள். உண்மை, சிலர் போடத்தான் போடுவர். ஆனால் கற்பிக்காததால் நாம் காத்துக்கொண்டது என்ன? ஹஜ்ஜுக்குப் போக நாற்பது நாள் கடையை ஒப்படைக்க ஆளின்றித் தள்ளிப் போடுவோர் நம்மில் எத்தனை பேர்! முதலாளி ஆஸ்பத்திரியில் படுத்தால் கடையும் படுத்துவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் காத்த தொழில், காத்தவரோடு போய்விடுகிறது. எதிரில் கடை வைத்தவனால் மூடிய கடையைவிட, வாரிசின்றி மூடிய கடைகளே மிகுதி என்பது நாம் கண்ட அனுபவம். இத்தனை ஆண்டு இருந்தால் இவ்வளவு லாபப் பங்கு, பின்னர் தனிக்கடை வைக்க இன்ன உதவி என்று முதலிலேயே எழுத்தில் வைத்துவிட்டால் அச்சத்துக்கு இடமேது? மேலும், பெற்றோர் நம்மிடம் விட்டுச்சென்ற பிள்ளை ஓர் அமானத். அவன் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு தொழிலை மறைப்பது நேர்மையாகாது.

வெளிநாட்டு ஆளை மட்டும் நம்பியிருப்பதும் நிலையற்றது. முடிதிருத்தகம், நகைக்கடை, ஜவுளிக்கடை ஆகிய மூன்றுக்கும் 2009இல் நிறுத்தப்பட்ட வெளிநாட்டு ஆள் அனுமதி, 2023இல் அரசாங்கம் 7,500 பேருக்கு இசைவு தெரிவிக்கும் வரை காத்திருக்க வைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ளூர் வாலிபரைப் பழக்கி வைத்தவருக்குக் கவலை குறைவு.

அரசாங்க வசதிகள்

10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியச் சிப்பந்திகளை வைத்திருக்கும், சட்டத்துக்கு உட்பட்ட தொழில் நடத்துவோர், 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு பயிற்சி நிதிக்குச் செலுத்துகின்றனர். அப்பணத்தைச் சிப்பந்திகளின் பயிற்சிக்குக் கேட்டுப் பெறலாம். கேளாமல் விடுவோர் பலர். 2005இல் தொடங்கிய தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் வேலையிடமே பெரும்பகுதிப் பள்ளிக்கூடம். பல ஆண்டு அனுபவமுள்ளவர், முன்னனுபவத்தை ஏற்கும் வழியில் தம் கைத்திறனை மெய்ப்பித்து மலேசியத் திறன் சான்றிதழ் பெறவும் இடமுண்டு. சான்றிதழ் பெற்ற பையன் வெளியே தலைநிமிர்ந்து நடப்பான். அவனைப் பழக்கிய கடைக்கும் அது பெருமையே.

முடிவுரை

சகோதரர்களே! இன்று நமது கடையில் வேறொரு வாலிபர் இருக்கிறார். அவரை நாம் 'பையன்' என்று அழைப்பதில்லை. கடன் புத்தகம் அவர் கையில் இருக்கிறது. மொத்த வியாபாரி வந்தால் அவரும் உடன் அமர்கிறார்; தேநீர் வாங்க நாமே எழுந்து போகிறோம். கேரி தீவில் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு இப்போதுதான் பதில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். இதைப் படிப்போர் அத்தனை காலம் தாழ்த்தவேண்டாம் என்பதே நமது வேண்டுகோள்.

தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள

1. உங்கள் கடையில் அடக்க விலை அறிந்தவர் உங்களைத் தவிர யார்?
2. கடைசியாக ஒரு சிப்பந்தியுடன் தனியே அரைமணி நேரம் உட்கார்ந்தது எப்போது?
3. உங்கள் கடையில் சேர்ந்தவருக்கு அடுத்த படி எது? அது அவருக்குத் தெரியுமா?
4. நாளைக் காலை எந்த ஒரு பாடத்தைத் தொடங்கப் போகிறீர்கள்? இன்ஷா அல்லாஹ், யாருக்கு?