பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: கணிப்பொறியில் பெயரும் இல்லமும்

பெங்களூரில் ஏரிக்கரையையொட்டி அமைந்த ஒரு பகுதியைத் தமிழர் அல்சூர் என்பர். அப்பெயரை ஆங்கிலத்தில் முழுவதும் பெரிய எழுத்துக்களில் எழுதினாலும், சிறிய எழுத்துக்களில் எழுதினாலும் கடிதம் உரிய வீட்டைச் சேர்ந்துவிடும். தபால்காரர் எழுத்தின் வடிவத்தைப் பொருட்படுத்தாமல் பெயரைப் படிப்பதே இதற்குக் காரணம். கணிப்பொறி அவ்வாறு படிப்பதில்லை.

கணிப்பொறிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகும். ஆஸ்கி முறையில் ஆங்கில முதலெழுத்தின் பெரிய வடிவம் 65. சிறிய வடிவம் 97. ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் வழங்கும் எப்சிடிக் முறையில் இவை முறையே 193, 129 ஆகும். தமிழெழுத்துக்களுக்கு இத்தகைய இரட்டை வடிவம் இல்லையாதலால், இவ்வேறுபாட்டை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ், எண் மாறினால் பெயரும் மாறியதாகவே கொள்கிறது. அக்காலத்துத் தட்டச்சு முனையங்கள் சிலவற்றில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. ஆகையால், ஒருவர் தம் பெயரை முழுவதும் பெரிய எழுத்துக்களில் அளித்தால், பழைய யூனிக்ஸ் அம்முனையத்தை அத்தகையதென்று கருதி, எழுத்துக்களைச் சிறியவையாக மாற்றிக்கொண்டது.

ஐ.பி.எம். பெருங்கணிப்பொறியின் இஸட்/ஓ.எஸ். அமைப்பில் நிலைமை வேறு. அங்கு ராக்எஃப் என்னும் காவல் அமைப்பு, 8 எழுத்துக்களுக்கு மேற்படாத பயனர் பெயரைப் பெரிய எழுத்துக்களிலேயே பதிந்து வைக்கிறது. பயனர் எவ்வடிவில் அளித்தாலும் அவர் ஒருவரே. ஆயினும், அவருடைய கோப்புகள் உறையும் இல்லக் கோப்பகம் யூனிக்ஸ் விதிக்கு உட்பட்டது. அங்கே இரு வடிவங்களும் இரு வேறு இடங்களாம்.

நிர்வாகி கோப்பகத்தைச் சிறிய எழுத்துக்களில் அமைத்து, பதிவேட்டில் அதன் பாதையைப் பெரிய எழுத்துக்களில் குறித்துவிட்டார் எனக் கொள்வோம். பயனரின் கடவுச்சொல் ஏற்கப்படும். ஆனால் அவருடைய இல்லம் காணப்படாது. கோப்புகள் அழிந்தனவென்று அவர் அஞ்சலாம். உண்மையில் அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன, வழியே தவறியது. பதற்றத்தில் பெரிய எழுத்துக்களில் புதிய கோப்பகம் ஒன்றை அமைத்தாலோ, பழைய வேலை ஓரிடத்திலும் புதிய வேலை வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கோப்பகப் பெயர்களுக்குச் சிறிய எழுத்தே என ஒரே விதியைக் கைக்கொள்ள வேண்டும். பதிவேட்டிலுள்ள பாதையையும் உண்மையான கோப்பகத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். நிரல் எழுதுவோர் பயனர் பெயரிலிருந்து பாதையை ஊகிக்காமல், பதிவேட்டிலிருந்தே பெறுதல் வேண்டும். பெயர் ஆளைக் குறிப்பது. பாதை இடத்தைக் குறிப்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருப்பதே இப்பாடத்தின் சாரம்.