அமிலத்தொட்டிக்குச் சோடா எவ்வளவு?



ஒரு சங்கத்தின் சலவைப் பட்டறைக்கு நாம் தணிக்கைக்காகச் சென்றிருந்தோம். நூலை வெளுத்தபின் தொட்டியில் எஞ்சும் கந்தகாமில நீரை, வடிகாலில் விடுமுன் சோடா இட்டுச் சரிசெய்வது அங்கு வழக்கம். “பத்துக் கிலோ அமிலத்துக்குப் பத்துக் கிலோ சோடா, எடைக்கு எடை சரி” என்றார் மேஸ்திரி. சங்கத்தின் பேரேட்டில் பிழை இல்லை. இந்தக் கணக்கில் பிழை உண்டு.

ரசாயனப் பொருள்கள் கிலோவுக்குக் கிலோ கூடுவதில்லை. மூலக்கூறுக்கு மூலக்கூறு கூடுகின்றன. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனி எடை உண்டு. கந்தகாமிலத்தில் ஹைட்ரஜன் 2, கந்தகம் 32, ஆக்சிஜன் 64, ஆக 98. சோடா ஆஷில் சோடியம் 46, கரி 12, ஆக்சிஜன் 48, ஆக 106. ஓர் அமில மூலக்கூறுக்கு ஒரு சோடா மூலக்கூறு வேண்டும். ஆகவே 98 கிலோ அமிலத்துக்கு 106 கிலோ சோடா. 10 கிலோவுக்கு 10.8 கிலோ.

பத்தே கிலோ இட்டால் என்ன ஆகும்? அது 9.25 கிலோ அமிலத்தையே தீர்க்கும். முக்கால் கிலோ அமிலம் அப்படியே வடிகாலுக்குப் போகும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கற்கண்டுபோல் இருக்கும் சலவைச் சோடாவில் பத்துப் பங்கு நீர் மூலக்கூறுகள் கலந்துள்ளன. அதன் எடை 286. அதை வாங்கினால் 10 கிலோ அமிலத்துக்கு 29.2 கிலோ வேண்டும். விலை மலிவு என்று எண்ணி வாங்குவோர் நீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கின்றனர்.

இனி விளைபொருளைக் காண்போம். 98-உம் 106-உம் சேர்ந்து 204. கிடைப்பவை சோடியம் சல்பேட் 142, நீர் 18, கரியமில வாயு 44, இவையும் 204. எதுவும் மறைவதில்லை. வாயு நுரைத்துப் பொங்குமாதலால் சோடாவைச் சிறிது சிறிதாகவே இடவேண்டும்.

10 கிலோ அமிலம் ஏறத்தாழ 14.5 கிலோ உப்பாகிறது. புளிப்புத் தீர்ந்தது, உப்புத் தீரவில்லை. அது கீழ்நிலத்து அங்கத்தினரின் கிணற்றைச் சேரும். நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவை ஆலைகளை மூட ஆணையிட்டதை நாம் மறத்தலாகாது. நெசவாளியும் உழவனும் ஒரே சங்கத்தில் அமர்ந்திருக்கும்போது, ஒருவர் தொட்டி மற்றவர் வயலைக் கெடுக்கலாமா?

ஆகவே அமிலத்தை முதலிலேயே அளந்து குறைத்து இடுவதே சிக்கனம். குறைத்த ஒவ்வொரு கிலோவும் 1.08 கிலோ சோடாவை மிச்சப்படுத்தும், 1.45 கிலோ உப்பைத் தடுக்கும். சோடா இட்டபின் லிட்மஸ் தாளால் சோதித்து அறிக.

பயிற்சி: 4.9 கிலோ அமிலத்துக்குச் சோடா ஆஷ் எவ்வளவு? உப்பு எவ்வளவு? (விடை: 5.3 கிலோ, 7.1 கிலோ.)