மணமும் மருந்தும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு நறுமணம் புதிதன்று. தேயிலைச் சரிவுகளின் ஓரத்தே விறகுக்காகவும் காற்றுத் தடுப்பாகவும் வளர்க்கப்பெறும் யூக்கலிப்டஸ் மரங்கள், பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தை மீண்டும் வளப்படுத்த இடும் மானாப்புல், லயத்து முற்றத்துக் கற்பூரவள்ளி, துளசி, அடுக்களையிலுள்ள கறுவா, ஓமம் ஆகிய யாவும் நாடோறும் நாம் நுகர்பவை. தடிமன் பிடித்தால் இலையை வெந்நீரிலிட்டு வேது பிடிக்கிறோம். பல்வலிக்குக் கராம்பு வைக்கிறோம். இவற்றின் மருத்துவக் குணம் எதில் அமைந்துளது? மணம் மிகுந்தது எதுவோ அதுவே சிறந்த மருந்தாகுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. வடமொழியில் எள்ளுக்குத் 'திலம்' என்று பெயர். அதிலிருந்து பிறந்ததே தைலம். ஆகவே இரு சொற்களும் முதற்கண் எள்நெய்யையே குறித்தன. காலப்போக்கிற் பொருள் விரிந்து, தேங்காயின் கொழுப்பும் இலையின் நறுநெய்யும் ஒரே பெயரால் வழங்கலாயின. பெயர் ஒன்றாயினும் பொருள் இரண்டு என்பதை மாணவர் எளிதில் அறியலாம். வெள்ளைத் தாளொன்றிற் தேங்காயெண்ணெய் ஒரு துளியும், யூக்கலிப்டஸ் எண்ணெய் ஒரு துளியும் இடுக. சில நாழிகை கழித்துப் பார்ப்பின், முன்னையது கறையாய் நிற்கும். பின்னையது பெரும்பாலும் மறைந்திருக்கும். ஆவியாகிப் போகும் இதனையே நறுமண எண்ணெய் என்கிறோம்.

இதனைப் பிரித்தெடுக்கும் முறை வாலையில் வடித்தல். யூக்கலிப்டஸ் எண்ணெயின் முதன்மைப் பொருளாகிய சினியோல், தனியே கொதிப்பதற்கு ஏறக்குறைய 176 பாகை வெப்பம் வேண்டும். ஆனால் நீராவியோடு சேருங்கால், இரண்டன் ஆவியமுக்கமும் ஒன்று கூடுதலின், 100 பாகைக்குக் குறைந்த வெப்பத்திலேயே அது நீரோடு வடிந்துவிடும். குளிர்ந்தபின் எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். கராம்பெண்ணெயும் கறுவா எண்ணெயும் நீரினுங் கனமாதலின் அடியிற் தங்கும்.

உள்ளே இருப்பது யாது?

நறுமண எண்ணெய் ஒரு தனிப்பொருளன்று. பல பொருள்களின் கலவை. அவற்றுட் பெரும்பாலன தேர்ப்பீன் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. சினியோலில் 10 காபன், 18 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள் உள. ஓமத்தின் தைமோலில் 10 காபன், 14 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள். எண்ணிக்கையில் வேறுபாடு சிறிதே, அமைப்பிலோ பெரிது. தைமோலில் ஒட்சிசன் ஓர் ஐதரசனோடு கூடி வளையமொன்றிற் பிணைந்து நிற்கிறது. இவ்வமைப்புடையவற்றைப் பீனோல்கள் என்பர். கற்பூரவள்ளியில் உள்ள காவக்ரோலும் இவ்வகையதே. கராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினோலும் இவ்வினத்தது.

நம் நாட்டுக் கறுவா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் பட்டையில் வடிக்கும் எண்ணெயிற் சின்னமல்டிகைட்டு மிகுதி. இலையெண்ணெயில் யூஜினோல் மிகுதி. வேர்ப்பட்டை எண்ணெயிற் கற்பூரம் மிகுதி. ஒரே மரம், மூன்று உறுப்பு, மூன்று எண்ணெய். யூக்கலிப்டஸும் அவ்வாறே. மருந்துக்குரிய யூக்கலிப்டஸ் எண்ணெயில் நூற்றுக்கு 70 பங்கேனும் சினியோல் இருத்தல் வேண்டும் என்பது மருந்துநூல் விதி. குளோபுலஸ் என்னும் இனம் அதற்கு ஏற்றது. தோட்டங்களில் விறகுக்காக நட்ட கிராண்டிஸ், ரொபஸ்டா முதலிய இனங்களின் இலையிற் சினியோல் அவ்வளவு மிகுதியன்று. ஆதலின் மரத்தின் பெயரை மட்டும் கொண்டு குணத்தைத் துணிதல் தகாது.

கிருமியை எதிர்க்கும் ஆற்றல்

1887இல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சம்பர்லான், அடைப்பான் நோய்க் கிருமியின்மீது பல நறுமண எண்ணெய்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார். அதன்பின் இத்துறை பெரிதும் வளர்ந்துளது. எண்ணெயின் மூலக்கூறுகள் கொழுப்பை நாடுபவை. நுண்ணுயிரைச் சூழ்ந்த மென்சவ்வு கொழுப்பாலாயது. அதனுட் புகுந்து அவை சவ்வைத் தளர்த்துகின்றன, உள்ளிருக்கும் உப்புக்களும் பிறவும் கசிகின்றன, உயிர் நிலைகுலைகிறது. புண்ணிற் சீழ்கட்டச் செய்யும் ஸ்டபிலோகொக்கஸ் இதற்கு எளிதில் இளைக்கும். வெளிச்சவ்வொன்றை மேலும் உடைய சூடோமோனஸ் போன்றவை பெரிதும் தாக்குப்பிடிக்கும்.

இவ்வாற்றலிற் பீனோல்களே பொதுவாக முன்னிற்கின்றன. சின்னமல்டிகைட்டும் வலியது. நம் மலையெங்கும் மணக்கும் சினியோலோ இவற்றை நோக்க மெலிந்தது; மூக்கடைப்புக் குறைந்தாற்போன்ற உணர்வைத் தருவதும் சளியை இளக்குவதுமே அதன் சிறப்பு. மூக்கைத் துளைக்கும் மணம் கிருமியைக் கொல்லும் வலிமைக்கு அளவுகோலாகாது என்பது இதனாற் பெறப்படும். இன்னுமொரு சான்றும் உண்டு. நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலைப் பூங்கா 1861இல் தொடங்கப்பெற்றது சிங்கோனாவை வளர்ப்பதற்கே. அம்மரப்பட்டையிலிருந்து 1820இற் பிரித்தெடுத்த குயினைன், மலேரியாவால் மாண்டிருக்கக்கூடிய எண்ணற்றோரைக் காத்தது. அதற்கு மணமே இல்லை.

ஆய்வுக்கூடத் தட்டிற் கிருமி மடிந்தது கொண்டு, உடம்பினுள்ளும் அது மடியும் எனக் கருதுதலும் பிழை. தட்டிற் கிருமியை அடக்கும் செறிவைக் குருதியில் உண்டாக்க முயலின், கிருமிக்கு முன் நோயாளியே நலிவான். கிருமியின் சவ்வைத் தளர்த்தும் பொருள் நம் உடலின் கலங்களையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே இவ்வெண்ணெய்கள் வாய் கொப்பளிக்கும் நீரிலும், மேற்பூச்சிலும் தக்க அளவிற் பயன்படும்; நெருப்புக்காய்ச்சலுக்கோ நியுமோனியாவுக்கோ வைத்தியர் தரும் மருந்தின் இடத்தை இவை பெறா.

இல்லத்திற் கருத வேண்டுவன

மலையுச்சிக் காடுகளில் வளரும் சிறுசெடியொன்று சிங்களத்தில் 'வெல் கபுரு' எனப்படும். நீலகிரியிலும் அது வளர்கிறது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் நம் உறவினர் பலர் குடியேறிய அம்மலையில், அதன் எண்ணெய் விண்டர்கிறீன் என்னும் பெயரால் விற்கப்படுகிறது. அதிற் பெரும்பகுதி மெதைல் சலிசிலேற்று. தசைநோவுக்குப் பூச நன்று. ஆனால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர், 300 மில்லிகிராம் அஸ்பிரின் வில்லைகள் 20க்கு மேற்பட்டவற்றுக்கு ஈடாகும். சிறு குழந்தையின் உயிரைப் போக்க அது போதும். யூக்கலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் உட்கொள்ளப்படின் குழந்தைகட்கு மயக்கமும் வலிப்பும் உண்டாகும்.

தாய் தந்தையர் இருவரும் மலையேறிவிட, பிள்ளைகள் மூத்தோர் பார்வையில் இருக்கும் காம்பராக்களில், எண்ணெய்ப் போத்தல் சாமிப்படத்தின் கீழோ தட்டின் விளிம்பிலோ இருத்தல் கண்கூடு. ஆதலாற் பின்வருவனவற்றை மாணவர் தம் இல்லத்தார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்:

1. இவ்வெண்ணெய்களைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், மூடி இறுக்கி வைத்தல்.
2. கைக்குழந்தையின் மூக்கிலும் முகத்திலும் பூசாதிருத்தல்.
3. சிறுவர்க்குக் கொதிநீர்ச் சட்டியில் வேது பிடிக்காதிருத்தல். சட்டி கவிழ்ந்து வெந்துபோதல் உண்டு.
4. தவறி அருந்தின் வாந்தியெடுக்கச் செய்யாது, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல்.
5. காய்ச்சல் தணியாவிடினும், மூச்சு வாங்கினும் தைலத்தை நம்பிக் காலந் தாழ்த்தாதிருத்தல்.

நம் மூதாதையர் இலையையும் பட்டையையும் பயன்கண்டு போற்றியது பழுதன்று. அவர் கைக்கொண்டது இலை, நாம் கையிற் கொள்வது அதன் சாரம். ஒரு கூடை இலையில் அடங்கிய நெய் இன்று ஒரு சிறு போத்தலுள் நிற்கிறது. பொருள் செறிந்த அளவிற்கு அறிவும் செறிதல் வேண்டும். இரசாயனம் பயிலும் மாணவனொருவன் தன் லயத்திற்குச் சென்று, தட்டின் விளிம்பிலுள்ள அப்போத்தலை எடுத்து உயரத்தில் வைப்பானாயின், அவன் கற்ற கல்விக்கு அதனினும் நல்ல பயன் வேறில்லை.